குறையே இல்லாத இருபது பக்கங்கள்

திங்கட்கிழமை காலையில் பஸ் புத்தலப்பட்டு தாண்டும்போது எப்சிபாவின் போனில் ஒரு மெயில் வந்து விழும். ஞாயிறு ஆராதனை முடிந்ததிலிருந்தே அவள் மனசு அந்த மெயிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஆறேகால் பஸ். ஆறு வருஷமாக அதே பஸ், கிடைத்தால் அதே ஜன்னல். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அந்த அலுப்பையெல்லாம் திங்கட்கிழமை மெயில் ஒன்றுதான் துடைத்துப் போட்டது.

அவள் வேலை பார்ப்பது கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் எழுதிக் கொடுக்கிற ஓர் ஆபீஸில். கூகுளில் யாராவது எதையாவது தேடினால் நம் ஆளின் பக்கம் மேலே வர வேண்டும், சம்பளம் அதற்குத்தான். முதலாளி சுரேஷ்பாபு நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டார். திருப்பதியில் ஒன்று, சித்தூரில் ஒன்று என்று இரண்டு லாட்ஜ் வைத்திருக்கிற வேங்கடாசலத்தின் வெப்சைட்டை அது வாரா வாரம் தானாகவே சோதித்து ரிப்போர்ட் அனுப்பும். ஜனங்கள் தேடக்கூடிய நாற்பது சொற்றொடர்களை அதனிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். கீவேர்டு என்று அதற்குப் பெயர். திருப்பதி கீவேர்டு இருபதும் மோனிகாவின் பொறுப்பு, சித்தூர் இருபதும் எப்சிபாவின் பொறுப்பு. கீவேர்டுக்கு ஒரு பக்கம். தலைப்பில் கீவேர்டு இல்லை, படத்துக்குப் பெயர் எழுதவில்லை, பக்கம் திறக்க நேரமாகிறது என்று அந்த மென்பொருள் பக்கத்துக்குப் பக்கம் குறை கண்டுபிடித்து எழுதும். குறை சொல்வதில் மாமியார் தோற்றாள்.

மோனிகாவின் இருபது பக்கங்களுக்கும் நேரே எண்கள் நிற்கும். இதில் மூன்று குறை, அதில் ஒன்று, இன்னொன்றில் ஐந்து. கூட்டினால் நாற்பது, நாற்பத்திரண்டு என்று வரும். எப்சிபாவின் இருபதுக்கும் நேரே ஒரு சின்னக் கோடு. வெறும் கோடு, அதாவது ஒரு குறையும் கிடையாது. அந்தக் கோடுகளை அவள் மேலிருந்து கீழே ஒரு தடவையும் கீழிருந்து மேலே ஒரு தடவையும் பார்ப்பாள். பிறகுதான் பையிலிருந்து இட்லியை எடுப்பாள்.

ஆபீஸில் ஒரு வழக்கம் வந்திருந்தது. சுரேஷ்பாபு ரிப்போர்ட்டின் முதல் தாளை அச்செடுத்துத் தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டுவார். யாருக்குக் குறை அதிகமோ, அவர் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். பதினாறு வாரமும் மோனிகாதான் வாங்கினாள். முகம் சுளிக்காமல், சிரித்துக்கொண்டே வாங்கினாள். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் எப்சிபாவுக்கு ஆகாது. தோற்றவள் தோற்றவளாக இருக்க வேண்டாமா? எண்ணெய் சொட்டுகிற பஜ்ஜியை ஒன்றுக்கு இரண்டாகத் தின்றுதான் அவள் வயிற்றெரிச்சலை ஆற்றிக்கொள்வாள்.

பொறாமை என்று அவள் அதைச் சொல்ல மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் பொறாமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். இதை மோனிகா கேட்டிருக்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

நியாயமான கோபம் என்றே அவள் அதை வைத்திருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியாரின் மகள், ஆங்கிலத்தில் எம்.ஏ. அவள் எழுதினால் வாக்கியம் இஸ்திரி போட்டதுபோல் நிற்கும். சித்தூர் லாட்ஜுக்கு அவள் வைத்த தலைப்பு, ‘மலைகள் காவலிருக்கும் ஊரில் ஓர் அமைதியான மாலை’. ஆங்கிலத்தில் அது இன்னும் அழகாக இருக்கும். மோனிகா நகரிக்காரி, வீட்டில் நான்கு பவர்லூம் ஓடுகிறது, பி.காம். கமா போடுவதெல்லாம் மூச்சு வாங்குகிற இடத்தில். அவள் எழுதியது இப்படி இருக்கும்: ஸ்டேஷனிலிருந்து நடந்தால் ஏழு நிமிஷம். வெந்நீர் காலை நாலு மணிக்கே வரும். மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. இதெல்லாம் ஓர் எழுத்தா?

ஆனால் வேங்கடாசலம் நேரே மோனிகாவுக்குத்தான் போன் போடுவார். ரூமெல்லாம் நிரம்பிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார். சுரேஷ்பாபு அவளிடம் தெலுங்கில் ஜோக்கடிப்பார். அவள் ஹாஸ்டல் ஆபீஸிலிருந்து பத்து நிமிஷ நடை. ஒன்பது மணிக்குப் பளிச்சென்று மல்லிகைப்பூவோடு வந்து உட்காருவாள். எப்சிபா தலையில் சந்திரகிரிப் புழுதியோடு வந்து சேருவாள். இருபத்துநாலு வயசுக்காரிக்கு எல்லாம் தானாக நடக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இருந்த ஒரே ஆறுதல் அந்த இருபது கோடுகள்.

இந்த நிலைமையில்தான் சுரேஷ்பாபு, சித்தூரில் ஒரு சின்னக் கிளை திறக்கப்போவதாகச் சொன்னார். நடத்துவதற்கு ஒருத்தர் வேண்டும். எப்சிபா உடனே கணக்குப் போட்டாள். சித்தூரில் ஆபீஸ் என்றால் வீட்டிலிருந்து கால் மணி நேரம். அவள் மகள் தபீதாள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்கு ஜடை பின்னிவிடுவது அவள் அப்பா ஜெபதாஸ். பாவம், அவன் பின்னினால் ஒன்று காதுக்கு மேலே இருக்கும், ஒன்று தோளில் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் போட்டோ எல்லாவற்றிலும் பிள்ளை அப்படித்தான் நிற்கிறது. அந்தப் போட்டோக்களைப் பார்த்துப் பஸ்ஸில் அவள் பலநாள் அழுதிருக்கிறாள்.

மோனிகாவையும் கேட்டிருக்கிறேன், அடுத்த திங்கட்கிழமை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் முதலாளி. சித்தூருக்கும் அந்த நகரிக்காரிக்கும் என்ன சம்பந்தம்? பூவும் சிரிப்பும் போதாதென்று இதுவும் வேண்டுமா அவளுக்கு? அந்த வாரம் முழுக்க எப்சிபாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து ஒரு அட்டவணை தயாரித்தாள். இடது பக்கம் மோனிகாவின் குறைகள், வாரவாரியாக. வலது பக்கம் தன்னுடையது: பதினாறு வாரமும் பூஜ்யம். மோனிகாவின் குறைகளைச் சிவப்பில் போட்டாள். கீழே மரியாதையாக, யாரையும் குறை சொல்வதற்காக இதை அனுப்பவில்லை என்று ஒரு வரி எழுதினாள். திங்கள் காலை பஸ் ஏறியதும் முதலாளிக்கு அனுப்பினாள். மோனிகாவுக்கும் ஒரு பிரதி போட்டாள்.

புத்தலப்பட்டில் அந்த வாரத்து ரிப்போர்ட் வந்தது. மோனிகாவுக்கு நாற்பத்து மூன்று. தன்னுடையதில் அதே கோடுகள். கோடு சின்னதாகத் தெரிகிறதே, பெரிசாக்கி ஒரு படம் எடுத்து அதையும் அனுப்பிவிடலாம் என்று ஆசை வந்தது. முதல் கோட்டை அழுத்தினாள். நான்கு மாதத்தில் அதை அவள் அழுத்திப் பார்த்ததே இல்லை. சாம்பல் நிற எழுத்தில் இரண்டு வரி திறந்தது. இந்தக் கீவேர்டைத் தேடினால் உங்கள் வெப்சைட்டின் எந்தப் பக்கமும் முதல் ஐம்பதுக்குள் வரவில்லை. ஆகவே சோதிப்பதற்குப் பக்கம் இல்லை.

இரண்டாவது கோட்டை அழுத்தினாள். அதே இரண்டு வரி. மூன்றாவது, நான்காவது. சந்திரகிரி வருவதற்குள் இருபதையும் அழுத்திவிட்டாள்.

அந்த மென்பொருள் தேடலில் மேலே வந்த பக்கத்தைத்தான் எடுத்துச் சோதிக்கும். மோனிகாவின் பக்கங்கள் மேலே வந்தன; அதனால் குறை வாங்கின. பரீட்சைக்கே போகாதவளின் தாளில் சிவப்பு மை எங்கிருந்து விழும்? அவள் அழகழகாக எழுதின இருபது பக்கங்களையும் நான்கு மாதமாக ஒரு ஈ காக்கை பார்த்ததில்லை. அதைத்தான் அவள் பூஜ்யம் என்று கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாள். முதலாளியிடமிருந்து பதில் வந்துவிட்டது: ஒரு கட்டைவிரல் படம்.

ஆபீஸுக்குள் நுழையும்போது அவளுக்கு இருந்த ஒரே பிரார்த்தனை, இது மோனிகாவுக்குத் தெரியக்கூடாது என்பதுதான்.

சுரேஷ்பாபு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பூரித்துப்போயிருந்தார். மென்பொருளை வாங்கினாரே தவிர, அதன் முதல் தாளுக்கு மேல் அவரும் புரட்டியதில்லை.

“சூடம்மா மோனிகா, இதப் பாரு, நாலு மாசமா இவங்களுக்கு ஒரு தப்பு கெடயாது. ஜீரோ. சித்தூரு ஆபீஸு எப்சிபாக்குத்தான். நீ அவங்க பக்கத்துல உக்காந்து நேர்ச்சுக்கோ, நல்லா கத்துக்கோ.”

மோனிகா அட்டவணையைப் பார்த்தாள். சிவப்பு எண்களைப் பார்த்தாள். பிறகு எப்சிபாவைப் பார்த்தாள். சரி சார் என்றாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எப்சிபாவின் மேஜையருகே உட்கார்ந்து, ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

“ஜீரோ எப்பிடி வரவெக்கறதுன்னு சொல்லுங்கக்கா.”

கேலியா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று எப்சிபா மெல்லக் கேட்டாள். மோனிகா பேனா மூடியைத் திருகிக்கொண்டே, முதல் வாரத்திலிருந்தே தெரியும் என்றாள்.

“ஏன் சொல்லல?”

“எப்பிடிக்கா சொல்றது? பஜ்ஜி துன்னும்போது நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க.” குரலை இன்னும் தாழ்த்தினாள். “நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீங்க சித்தூருக்குப் போங்க. டெய்லி நாலு மணி நேரம் பஸ்ல போய்க்கினு வந்துக்கினு... பாவம்க்கா நீங்க.”

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. முதலாளியிடம் போட்டுக்கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, ஜன்மத்துக்கும் வெறுக்கலாம். பாவம் என்று சொல்லிவிட்டாளே! சித்தூர் ஆபீஸ், மகளின் ஜடை, காலை ஏழு மணித் தூக்கம் எல்லாம் இந்தச் சின்னப் பெண் கையால் போட்ட பிச்சையாகப் போய்விட்டது. இனி ஜடை பின்னும்போதெல்லாம் இவள் முகம்தானே ஞாபகம் வரும்? எப்சிபா எழுந்து நேரே முதலாளியின் அறைக்குப் போனாள்.

“சார், என் பக்கத்துல தப்பு இல்லாம இல்ல. என் பக்கம் எதுவுமே தேடினா மேல வர்றதில்ல. வராத பக்கத்த அது பாக்கறதில்ல. அதான் கோடு.”

உண்மையை ஒப்புக்கொண்டாள், உத்தமி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மோனிகாவுக்குக் கடன்படுவதைவிட வேலை போனாலும் பரவாயில்லை என்ற ஆங்காரம்தான் அது. உண்மை சில சமயம் அந்த வழியாகவும் வெளியே வரும்.

சுரேஷ்பாபு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒரு கோட்டை அழுத்தி, சாம்பல் நிற எழுத்தை இரண்டு தடவை படித்தார். கதவுக்கு வெளியே தெரிந்த மோனிகாவை ஒரு தரம் பார்த்தார்.

“அப்ப நாலு மாசமா அந்தப் பொண்ணு காசுல நாம பஜ்ஜி தின்னது?” என்றார்.

அவர் திட்டவில்லை. வேங்கடாசலத்தின் சித்தூர் லாட்ஜ் ஏன் காற்றாடுகிறது என்று இப்போதுதான் புரிகிறது என்றார். கிளையை இரண்டு மாதத்துக்குத் தள்ளிவைத்தார். அதற்குள் எப்சிபாவின் பக்கம் ஒன்றாவது ரிப்போர்ட்டில் வர வேண்டும். வந்தால் சித்தூர் அவளுக்கு. வராவிட்டால் மோனிகாவுக்கு. எட்டு திங்கட்கிழமைகள் இருந்தன.

அன்று முதல் எப்சிபா மோனிகாவின் குறைப் பட்டியல்களை வரி வரியாகப் படித்தாள். ஒரு விஷயம் அவளை உறுத்தியது. ஐந்து குறை வாங்கின பக்கம் தேடலில் நான்காவதாக நிற்கிறது. ஒரே குறை வாங்கினது பதினெட்டாவதாக நிற்கிறது. அப்படியானால் குறையைத் திருத்துவது இரண்டாம் வேலைதான். முதலில் வாசலுக்குள் நுழைய வேண்டும். அவள் பக்கம் ஏன் நுழையவில்லை? மோனிகாவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்வாள். கேட்பதற்கு நாக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சித்தூர் லாட்ஜுக்கே போய் உட்கார்ந்தாள். அதைப் பற்றி இருபது பக்கம் எழுதியவள் உள்ளே கால் வைத்தது அன்றுதான். மேனேஜர் நாகபூஷணம் போனை எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வந்த கேள்வியையெல்லாம் எழுதிக்கொண்டாள். கோர்ட்டுக்கு நடந்து போகலாமா? வாய்தா பத்தரைக்கு, காலை ஆறு மணிக்கே ரூம் கொடுப்பீர்களா? மாங்காய் மண்டிக்கு வந்திருக்கிறோம், லாரி நிறுத்த இடம் இருக்கிறதா? கலெக்டர் ஆபீஸுக்கு ஆட்டோ கிடைக்குமா? மூன்று மணி நேரத்தில் இருபத்தாறு போன். அதில் ஒருவர்கூட மலைகளைப் பற்றியோ அமைதியான மாலையைப் பற்றியோ கேட்கவில்லை. கேஸும் கையுமாக வருகிற மனுஷனுக்கு மாலை எப்படி இருந்தால் என்ன?

வெயிலில் லாட்ஜிலிருந்து கோர்ட் வரைக்கும் நடந்து பார்த்தாள். ஒன்பது நிமிஷம். வீட்டுக்கு வந்து, மலைகள் காவலிருந்த தலைப்பை அழித்தாள். ஆசை ஆசையாக வைத்த தலைப்பு. அழித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். அந்த இடத்தில், சித்தூர் கோர்ட்டிலிருந்து ஒன்பது நிமிஷ நடையில் லாட்ஜ், காலை ஆறு மணிக்கே ரூம் என்று எழுதினாள். பார்ப்பதற்கு மோனிகா எழுதினது போலவே இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கோடு. அதற்கடுத்த திங்கட்கிழமையும் கோடு. மோனிகாவின் குறைகள் நாற்பது, முப்பத்தைந்து, முப்பது என்று இறங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் கோட்டைவிட எண் பெரிது என்பதால் பஜ்ஜி அவள் கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தது. வழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று சுரேஷ்பாபு சொல்லிப் பார்த்தார். மோனிகாதான் வேண்டாம் சார், இருக்கட்டும் என்றுவிட்டாள். எப்சிபாவுக்கு ஒரு பஜ்ஜிகூட உள்ளே இறங்கவில்லை. ஏழாவது வாரமும் கோடுதான் வந்தது.

எட்டாவது திங்கட்கிழமை புத்தலப்பட்டில் அவள் போனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினாள். பிறகு திறந்தாள். சித்தூர் கோர்ட் அருகே லாட்ஜ் என்ற கீவேர்டுக்கு நேரே கோடு இல்லை. நாற்பத்தாறாவது இடம்; குறைகள் பத்தொன்பது.

பத்தொன்பதையும் படித்தாள். படம் ஒன்றுக்கும் பெயர் எழுதவில்லை. சுருக்கம் நீளமாக இருக்கிறது. போனில் திறந்தால் எழுத்து பொடியாகத் தெரிகிறது. பாட்டு கேட்பதுபோல் ஒவ்வொன்றாகப் படித்தாள்; கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டிலிருந்த அம்மாள், கெட்ட சேதியா என்று கேட்டாள். இல்லம்மா, பத்தொன்பது தப்பு பண்ணியிருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். அந்த அம்மாள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எப்சிபா ஜெபதாஸுக்குப் போன் போட்டு, சீப்பை இனி என் கையில் கொடுத்துவிடு என்று மட்டும் சொன்னாள். அவனுக்குப் புரிந்தது, ஸ்தோத்திரம் என்றான்.

பிறகு பழக்கதோஷம், கண் மேலே போனது. மோனிகாவுக்கு இருபத்திரண்டு குறை. ரயில்வே ஸ்டேஷன் கீவேர்டில் இரண்டாவது இடம். மூன்று குறை வித்தியாசத்தில் இந்த வாரமும் அவளே முந்திக்கொண்டாள். இன்றைக்காவது என் காசில் பஜ்ஜி தின்பார்கள் என்று இருந்தாளே, அதுவும் போச்சு.

சுரேஷ்பாபு சொன்ன சொல் தவறவில்லை. சித்தூர் ஆபீஸ் எப்சிபாவுக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மோனிகா கைதட்டினாள். நாலு மணிக்குப் பர்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எப்சிபா போய் அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“உக்காரு. இன்னிக்கி நான்தான் வாங்கணும்.”

“எனக்கு இருபத்திரெண்டுக்கா. உங்களுக்குப் பத்தொம்போதுதான்.”

“உன்னுது இருபது பக்கத்துக்கு இருபத்திரெண்டு. என்னுது ஒரே பக்கத்துல பத்தொம்போது. யாருக்கு ஜாஸ்தின்னு நீயே பாரு.”

மோனிகா அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.

“சரிக்கா. இதுல நீங்கதான் ஃபர்ஸ்ட்டு.”

விட்டுக்கொடுக்கிறாளோ என்று எப்சிபா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. கூட வரட்டுமா என்று மோனிகா கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டு, ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பஜ்ஜிக் கடைக்குத் தனியாகப் போனாள்.